செயற்கை அறிவும் தொழில் தலைவர் கடனும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் மேடை ஏறினால் இலக்கியமோ இலக்கணமோ பேசுவான் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் சிலர் இங்கே இருக்கக்கூடும். அவர்கள் பொறுத்தருள வேண்டும். நம் காரியதரிசி அவர்கள் எனக்கு விதித்த பொருள் வேறு. கணிப்பொறிக்குள் புகுந்திருக்கும் செயற்கை நுண்ணறிவினால் தொழிலும் வியாபாரமும் விரைந்து மாறுகின்ற இக்காலத்தில், பெருந்தொழில்களை நடத்தும் தலைவர்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பது பற்றிப் பேசுக என்றார். யான் கடை வைத்தவனும் அல்லேன். ஆலை நடத்தியவனும் அல்லேன். எனினும், என்னிடம் பயின்ற பிள்ளைகளுட் பலர் இன்று கணிப்பொறிக் கம்பெனிகளில் இருக்கின்றனர். இன்னும் பலர் பட்டம் பெற்று, வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கின்றனர். அவர்களுடைய தந்தையர் என்னைக் கண்டவிடத்தெல்லாம் கேட்பது, "ஐயா, இந்தப் படிப்புக்கு இனிமேல் வேலை உண்டா?" என்பதே. அதற்கு விடை பெரும்பாலும் அத்தலைவர்கள் கையில் இருக்கின்றது. ஆதலின் அவர்கள் செய்வதை உற்று நோக்குதல் நமக்குப் புறம்பான காரியம் அன்று.

இவ்வியந்திரம் இன்னதென்பதைச் சுருங்கச் சொல்லுகிறேன். மனிதர் எழுதிக் குவித்திருக்கும் நூல்கள், செய்திகள், கணிப்பொறிக் கட்டளைகள் முதலியவற்றைப் பேரளவில் அதற்கு ஊட்டி, ஒரு சொல்லின் பின் எச்சொல் வருதல் இயல்பு என்பதை அளந்தறியுமாறு பழக்குகின்றனர். அப்பழக்கத்தின் மிகுதியால் அது கடிதம் எழுதுகின்றது, கணக்குப் போடுகின்றது, வழக்கின் சாரத்தைத் தொகுத்துத் தருகின்றது. ஆயின், மெய்யையும் பொய்யையும் ஒரே மிடுக்கோடு சொல்லும் இயல்பு அதனிடம் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. பின்னே சொல்லப்போவதற்கு இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் கூகிள் கம்பெனியின் செய்தியைப் பார்ப்போம். அதன் தலைவர் சுந்தர் பிச்சை அவர்கள் 1972-ஆம் ஆண்டில் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர் என்பது நீங்கள் அறிந்ததே. இன்றைய மொழி இயந்திரங்களுக்கு அடிப்படையான முறையை 2017-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டவர்கள் அக்கம்பெனியைச் சார்ந்த எண்மர். கண்டுபிடிப்புத் தன் வீட்டிலேயே பிறந்திருந்தும், கூகிள் அதனைப் பொதுமக்கள் கையில் கொடுக்கத் தயங்கிற்று. தயக்கத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இயந்திரம் பொய் சொன்னால் கம்பெனியின் பெயர் கெடும் என்பது ஒன்று. மற்றொன்றை யான் இவ்வாறு ஊகிக்கிறேன்: கூகிளின் தாய்க் கம்பெனியாகிய ஆல்பபெட்டிற்கு 2022-ஆம் ஆண்டில் வந்த வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு விளம்பரத்தினால் வந்தது. தேடி வருவோர்க்குப் பல இடங்களைக் காட்டி, அவற்றின் அருகே விளம்பரம் வைத்துப் பொருளீட்டுகின்ற கடைக்கு, ஒரே விடையை நேராகச் சொல்லிவிடும் இயந்திரம் துணையா, பகையா என்பது எளிதில் துணியக்கூடியதன்று. நன்றாக ஓடுகின்ற கடையை உடையவர்களுக்கு இந்தச் சங்கடம் யான் சொல்லாமலே விளங்கும்.

இதற்கிடையில், 2019-ஆம் ஆண்டிலேயே மைக்ரோசாப்ட் தலைவர் சத்யா நாதெள்ளா அவர்கள் ஓப்பன் ஏஐ என்னும் நிறுவனத்தில் 100 கோடி டாலர் முதலிட்டிருந்தார். அந்நிறுவனம் 2022 நவம்பர் 30-ந் தேதி சாட் ஜிபிடி என்பதை வெளியிட்டது. ஐந்து நாட்களில் பத்து லட்சம் பேர் அதில் சேர்ந்தனர். கூகிளுக்குள் அபாய அறிவிப்பு எழுந்தது. 2023 பிப்ரவரியில் விரைந்து பார்டு என்னும் தன் இயந்திரத்தை அறிவித்தபோது, அதன் விளம்பரத்திலேயே ஒரு தவறு அகப்பட்டது. சூரிய மண்டலத்திற்கு அப்பாலுள்ள கிரகத்தை முதன்முதற் படம் பிடித்தது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி என்று அது சொல்லிற்று. அத்தகைய படம் 2004-ஆம் ஆண்டிலேயே சிலி நாட்டிலுள்ள ஐரோப்பியத் தொலைநோக்கியால் எடுக்கப்பட்டுவிட்டது. ஒரே நாளில் ஆல்பபெட் பங்குகளின் சந்தை மதிப்பில் ஏறத்தாழ 10,000 கோடி டாலர் கரைந்தது. ஐந்தாண்டுத் தயக்கத்தின் மேல் இரண்டு மாத ஓட்டத்தை ஏற்றினால் விளைவது அதுவே போலும்!

பிச்சை அவர்கள் அதற்குப்பின் நிதானித்தார். தனித்தனியே நடந்துவந்த இரண்டு ஆராய்ச்சிக் கூடங்களை 2023 ஏப்ரலில் ஒன்றாக்கி, டெமிஸ் ஹசாபிஸ் என்னும் அறிஞரிடம் ஒப்புவித்தார். 2025 நவம்பரில் கூகிளின் ஜெமினி இயந்திரத்தின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. அடுத்த மாதத்திலேயே, தம் கம்பெனிக்குள் அபாய அறிவிப்புச் செய்யவேண்டிய முறை ஓப்பன் ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மனைச் சார்ந்தது. பத்திரிகைகள் இதனை ரேக்ளாப் பந்தயம் போல் வருணிக்கின்றன. எந்த மாடு முந்திற்று என்பதில் நமக்கு உள்ள பயன் சிறிதே. இயந்திரத்தை இயற்றுவோர் சிலர். அதனை வாங்கித் தம் தொழிலில் வைப்போர் பலர். நம் பிள்ளைகளுக்கு வேலை கொடுப்போரும் கொடாதோரும் அப்பலரே.

வாங்கியவர்கள் அதனை எங்கே வைக்கின்றனர்? இதற்கு ஒரு பழைய வரலாறு துணை செய்யும். எடிசன் 1882-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் மின்சார நிலையம் திறந்தார். ஆயினும், 1900-ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தொழிற்சாலைகளை ஓட்டிய சக்தியில் மின்சாரத்தின் பங்கு நூற்றுக்கு 5-ஐ எட்டவில்லை. ஆலைகளின் அமைப்பு அதற்கு ஒரு காரணம். நம் ஊர்ப் பழைய அரிசி மில்லைக் கண்டவர்களுக்கு இது தெரியும். ஒரு மூலையில் எஞ்சின். கூரையின்கீழ் நீண்ட இருப்புத்தண்டு. அதிலிருந்து ஒவ்வோர் இயந்திரத்திற்கும் தோல் பெல்ட்டு. அமெரிக்க முதலாளிகள் பலர் நீராவி எஞ்சினைக் கழற்றி, அதன் இடத்தில் ஒரு பெரிய மின்சார மோட்டாரை வைத்துவிட்டுத் தண்டையும் பெல்ட்டையும் அப்படியே விட்டனர். ஆதலின் லாபம் சிறிதாயிற்று. ஒவ்வோர் இயந்திரத்திற்கும் தனித்தனி மோட்டார் வைத்து, தண்டையே நீக்கி, வேலை நடக்கின்ற வரிசைக்கு ஏற்ப ஆலையை மாற்றிக் கட்டிய பின்னரே, 1920-ஆம் ஆண்டை ஒட்டிப் பெரும்பயன் கண்டனர். பொருளாதார அறிஞர் பால் டேவிட் 1990-ஆம் ஆண்டில் இதனைக் கணிப்பொறிக்கு உவமையாக எடுத்துக்காட்டினார். இன்று நுண்ணறிவை வாங்கும் கம்பெனிகளுட் பல, பழைய தண்டில் புதிய மோட்டாரை மாட்டினவையே. குமாஸ்தா எழுதிய கடிதத்தை இயந்திரம் எழுதுகின்றது. அக்கடிதம் முன்போலவே ஐந்து மேசை ஏறி இறங்குகின்றது.

நிற்க. ஆலையை மாற்றிக் கட்டத் துணிந்தவர்களும் உளர். அவர்கள் இடிக்கும்போது எந்தச் சுவரை இடிக்கின்றனர் என்பதே இன்று யான் சொல்ல வந்தது.

சுவீடன் தேசத்தில் கிளார்னா என்றொரு கம்பெனி உண்டு. வாங்கும் பொருளுக்குத் தவணையில் பணம் செலுத்த வசதி செய்வது அதன் தொழில். அதன் தலைவர் செபாஸ்டியன் சீமியட்கோவ்ஸ்கி 2024 பிப்ரவரியில் ஒரு செய்தி வெளியிட்டார். வாடிக்கைக்காரரின் கேள்விகளில் மூன்றில் இரண்டு பங்கிற்கு இயந்திரமே விடையளிக்கின்றது என்றும், 700 பேரின் வேலையை அது செய்கின்றது என்றும், 11 நிமிஷம் பிடித்த காரியம் 2 நிமிஷத்திற்குள் முடிகின்றது என்றும் கூறினார். உலகெங்கும் முதலாளிகள் அச்செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டனர். அவரே 2025 மே மாதத்தில், செலவுக் குறைப்பையே பெரிதும் அளவுகோலாகக் கொண்டமையால் வேலையின் தரம் தாழ்ந்தது என்று வெளிப்படையாகச் சொல்லி, மீண்டும் மனிதரை எடுக்கத் தொடங்கினார். இயந்திரத்தை அவர் நீக்கிவிடவில்லை. விரும்பும் வாடிக்கைக்காரர் மனிதரோடு பேசுவதற்கும் வழி இருக்கவேண்டும் என்று கண்டார். தாம் அறிவித்ததைத் தாமே திருத்தியமைத்தல் தலைமைக்கு இழுக்கன்று என்பது என் கருத்து.

கானடா தேசத்து விமானக் கம்பெனி ஒன்றன் வழக்கு இதனினும் சுவையுடையது. பாட்டியார் இறந்த துக்கத்திற்குப் பயணம் செய்ய விரும்பிய ஒருவர், ஏர் கானடாவின் வலைத்தளத்திலிருந்த பேசும் இயந்திரத்தினிடம் துக்கப் பயணச் சலுகை பற்றிக் கேட்டார். முதலில் முழுக்கட்டணம் கொடுத்துவிட்டு, 90 நாட்களுக்குள் எழுதிப் பெற்றுக்கொள்ளலாம் என்று அது விடை சொல்லிற்று. கம்பெனியின் விதியோ வேறு. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கம்பெனி மறுத்தது. வழக்கில் கம்பெனியார் சொன்ன வாதம் யாதெனின், அவ்வியந்திரம் தனியொரு சட்ட வடிவினது, அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்பது! பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பு மன்றம் 2024 பிப்ரவரியில் அவ்வாதத்தைத் தள்ளி, நஷ்டத்தைக் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. கடைப்பையன் சொன்ன விலைக்குக் கடைக்காரன் கட்டுப்பட்டவன் என்பது நம் பெரியவர்கள் கண்ட நடைமுறை. பையனுக்குப் பதிலாக இயந்திரம் நின்றால் அது மாறுமோ?

பொறுப்பு மனிதனிடமே நிற்குமானால், இயந்திரம் சொன்னது சரியா தவறா என்று பார்க்கத் தெரிந்த மனிதன் வேண்டும். அவன் எங்கிருந்து வருவான்? பிறக்கும்போதே தேர்ந்தவனாகப் பிறப்பவன் ஒருவனும் இலன். பத்து ஆண்டு சிறு வேலைகளைச் செய்து, தவறு செய்து, மேலோரால் திருத்தப்பெற்று, அப்படி ஆனவனே அவன். அந்தச் சிறு வேலைகளையே இன்று இயந்திரம் முதலில் கவர்ந்துகொள்ளுகின்றது.

வைத்தியத் துறையில் இது நன்கு விளங்கிற்று. ஜெப்ரி ஹின்டன் என்பவர் இவ்வறிவியலின் முன்னோடிகளுள் ஒருவர். 2024-ஆம் ஆண்டில் பௌதிகத்திற்கான நோபெல் பரிசு பெற்றவர். அவர் 2016-ஆம் ஆண்டில் ஒரு கூட்டத்தில், எக்ஸ்ரே முதலிய படங்களைப் பார்த்து நோயறியும் டாக்டர்களைப் பயிற்றுவதை உடனே நிறுத்திவிடலாம். ஐந்தாண்டில், மிஞ்சினால் பத்தாண்டில், இயந்திரம் அவர்களை விஞ்சிவிடும் என்றார். சொன்னவர் சாமானியர் அல்லர். ஆதலின் கேட்டவர்கள் கலங்கினர். ஆயின் நிகழ்ந்தது யாது? படம் பார்த்தல் அவர்கள் தொழிலில் ஒரு பகுதியே. எந்தப் படம் எடுப்பது என்று துணிதல், பழைய படத்தோடு ஒப்பிடுதல், மற்ற டாக்டர்களோடு கலந்து பேசுதல், நோயாளிக்கு எடுத்துச் சொல்லுதல் ஆகிய பிற பகுதிகள் நின்றன. இயந்திரத்தையும் அவர்கள் கைவிடவில்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற மேயோ கிளினிக் அதனைப் பல வழிகளில் பயன்படுத்திக்கொண்டே, 2016-க்குப் பின் இத்துறை டாக்டர்களின் தொகையை நூற்றுக்கு 55 பங்கு பெருக்கி, 2025-ஆம் ஆண்டில் 400-க்கு மேல் ஆக்கியிருந்தது. தாம் அன்று மிகப் பொதுப்படப் பேசிவிட்டதாக ஹின்டன் அவர்களும் 2025-ல் தெரிவித்தார். எண்ணிப் பாருங்கள். 2016-ல் வைத்தியக் கல்லூரித் தலைவர்கள் அச்சொல்லை நம்பிப் பயிற்சியை நிறுத்தியிருந்தால், இன்று படத்தை இயந்திரம் பார்த்திருக்கும். அது பார்த்ததை மேற்பார்க்க ஆள் இருந்திரார். பயிற்சியை நிறுத்துதல் ஒரு கையெழுத்தில் ஆகும். ஒரு டாக்டரை உண்டாக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆகும்.

மற்றத் தொழில்களில் அப்படிப்பட்ட நிறுத்தம் ஓசையின்றி நடக்கின்றதோ என்னும் ஐயம் எழுந்திருக்கின்றது. ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர் மூவர், அமெரிக்கச் சம்பளப் பட்டிகளை ஆராய்ந்து 2025 ஆகஸ்டில் ஒரு முடிவு வெளியிட்டனர். இயந்திரத்தால் எளிதில் செய்யத்தக்க தொழில்களில், 22 முதல் 25 வயது வரையுள்ளோரின் வேலை, 2022-ஆம் ஆண்டின் இறுதிக்குப் பின் மற்றையோரை நோக்க நூற்றுக்கு 13 பங்கு குறைந்திருந்தது. அதே தொழில்களில் வயது முதிர்ந்தோர்க்குக் குறைவில்லை. இதனை எல்லாரும் ஒப்பவில்லை. வேலைச் சந்தை முழுவதையும் நோக்கினால் பெரிய மாறுதல் ஒன்றும் தெரியவில்லை என்று யேல் சர்வகலாசாலையைச் சார்ந்தோர் அதே ஆண்டு அக்டோபரில் எழுதினர். தலைவர்களும் ஒருமுகமாக இல்லை. நுழைவு நிலை அலுவலக வேலைகளில் பாதி ஐந்தாண்டுக்குள் மறையலாம் என்று ஆந்திரோபிக் தலைவர் டாரியோ அமோடை 2025 மே மாதத்தில் எச்சரித்தார். அவர் சொல்வதை ஏறக்குறைய எதனையும் ஒப்பவில்லை என்றார் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங். இருவரும் இதனாலேயே பொருளீட்டுவோர்; ஆதலின் இருவர் சொல்லையும் சற்றே தள்ளுபடி போட்டுத்தான் கொள்ளவேண்டும்.

ஒரே கம்பெனிக்குள்ளும் இரண்டு குரல் உண்டு. அமேசான் தலைவர் ஆண்டி ஜாசி 2025 ஜூனில் தம் ஊழியருக்கு எழுதிய கடிதத்தில், வரும் ஆண்டுகளில் அலுவலக ஊழியர் தொகை குறையும் என்றார். அதே கம்பெனியின் கணிப்பொறிச் சேவைப் பகுதிக்குத் தலைவரான மாட் கார்மன், இரண்டு மாதம் கழித்து, இளைய நிரலாளர்களை நீக்கி இயந்திரத்தை வைப்பது போன்ற மடமையைத் தாம் கேட்டதே இல்லை என்றார். அவர்கள்தாம் குறைந்த சம்பளத்தினர், புதிய கருவியை விரைவில் கற்பவர் என்பதும், இன்று அவர்களை எடாவிட்டால் பத்தாண்டு கழித்து ஒன்றும் கற்றவர் ஒருவரும் இரார் என்பதும் அவர் காட்டிய காரணம். இதில் தயை தாட்சணியம் ஒன்றும் இல்லை. முழுவதும் வியாபாரக் கணக்கு.

ஐபிஎம் கம்பெனியின் நடை எனக்கு இன்னும் பொருத்தமாகத் தோன்றுகின்றது. அதன் தலைவர் அரவிந்த் கிருஷ்ணா 2023-ஆம் ஆண்டில், பின்னறை அலுவல்களில் ஏறத்தாழ 7,800 இடங்களை ஐந்தாண்டில் இயந்திரம் கொள்ளலாம் என்று கூறினார். அதன்படி ஊழியர் நிர்வாகப் பகுதியில் சில நூறு பேரின் வேலையை இயந்திரம் ஏற்றதும் உண்மை. அதே கம்பெனி 2026-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புதிய இளைஞர்களை மும்மடங்கு எடுப்பதாக அறிவித்தது. ஆயின் அவர்களுக்குப் பழைய வேலையைக் கொடுக்கவில்லை. இளைய நிரலாளர் கட்டளை எழுதும் நேரத்தைக் குறைத்து, வாடிக்கைக்காரரோடு பழகும் நேரத்தைக் கூட்டினர். இயந்திரம் தடுமாறும் இடத்தில் குறுக்கிட்டுத் திருத்தும் வேலையைக் கொடுத்தனர். ஏணியின் கீழ்ப்படி பழுதாயிற்று என்று கண்டவர்கள் படியை எடுத்தெறியாமல் வேறு மரத்தால் செய்து பொருத்தினர்.

பள்ளிக்கூடத்தில் இந்த விஷயத்தை யான் நாள்தோறும் காண்கிறேன். பத்தாம் வகுப்புப் பையன் 'பொங்கல் திருநாள்' என்று கட்டுரை எழுதிக் கொண்டுவருகிறான். சந்தி பிழையில்லை, சொற்கள் வரிசையாக நிற்கின்றன, அவன் கை பட்ட அடையாளமே இல்லை. இயந்திரம் எழுதியது. அக்கட்டுரை இல்லாமல் உலகம் ஒன்றும் வாடிவிடவில்லை. அவன் எழுதி, யான் சிவப்பு மையால் அடித்து, மீண்டும் அவன் எழுதுகின்ற அந்த வருத்தத்தில் அவனுக்குள் ஏதோ ஒன்று உண்டாகின்றதே, அதற்காகத்தான் கட்டுரை. ஆடிட்டர் ஆபீசில் புதிய பிள்ளை ரசீதைப் பேரேட்டோடு ஒத்துப் பார்ப்பதும் இவ்வாறே. ரசீது ஒத்துப்போதலை இயந்திரம் நொடியில் காட்டிவிடும். ஆயிரம் ரசீது பார்த்த கண், ஆயிரத்தோராவது ரசீதைக் கண்டவுடன் "இதில் ஏதோ இருக்கிறது" என்று நிற்குமே, அதனை அப்பிள்ளை பின் எவ்வழியாற் பெறுவான்?

பர்மாவிலும் மலாயாவிலும் நடந்த நகரத்தார் வட்டிக் கடைகளில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிகள் இருந்தன. பெட்டியடிப் பையனால் அக்கடைக்கு உடனே கிடைத்த லாபம் பெரிதாக இருந்திராது. எனினும் கடல் கடந்து அவனை அழைத்துச் சென்று, சோறு போட்டு, கணக்குப் பழக்கினர். நாளைக்குக் கடையை ஒப்புவிக்க ஆள் வேண்டும் என்பதை அவர்கள் முதலீட்டுக் கணக்கிலேயே சேர்த்திருந்தனர்.

இளையோர்க்கு மட்டுமே இடர் என்றும் எண்ணவேண்டா. நம் நாட்டு டாட்டா கன்சல்டன்சி கம்பெனி 2025 ஜூலையில், தன் ஊழியருள் நூற்றுக்கு 2 பங்காகிய ஏறத்தாழ 12,000 பேரை விடுவிப்பதாக அறிவித்தபோது, அது பெரும்பாலும் நடு நிலையிலும் மேல் நிலையிலும் இருந்தவர்களைச் சார்ந்ததாக இருந்தது. கோயம்புத்தூரில் பொறியியல் படித்தவராகிய அதன் தலைவர் கிருத்திவாசன் அவர்கள், இயந்திரம் வேலையைப் பறித்ததனால் அன்று, புதிய வேலைக்கு ஏற்ற திறமை பொருந்தாமையால் என்று காரணம் சொன்னார். சொல் எதுவாயினும், நாற்பது வயதில் வீட்டுக் கடனும் பிள்ளைகள் படிப்புமாக நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றே. கீழ்ப்படியில் ஏறுபவனைப் பற்றி இதுவரை பேசினேன்; நடுப்படியில் நிற்பவனுக்கு மறுபடியும் கற்க ஓய்வும் பொருளும் யார் கொடுப்பது என்பதைத் தலைவர்கள் பலர் பேசாமலே கடந்துபோகின்றனர்.

இனி, நம் சங்கத்தை நோக்கி ஒரு வார்த்தை. இங்கே வீற்றிருக்கும் அன்பர்களுட் சிலர் ஆடிட்டர் ஆபீஸ் நடத்துகின்றனர். சிலர்க்கு அச்சகமும், மருந்து மொத்தக் கடையும், சிறு கணிப்பொறிக் கம்பெனியும் உண்டு. சென்ற ஆண்டு புதிதாக ஆள் எடுக்கவில்லை, இயந்திரமே போதும் என்று இருவர் மகிழ்ச்சியோடு என்னிடம் சொன்னார்கள். அவர்கள் செலவு மிச்சமாயிற்று என்பதை யான் மறுக்கவில்லை. அவர்களுக்கும், அவர்களைப் போன்றார்க்கும் ஒரு வேண்டுகோள். தொழில் நடத்தும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டு புதிய பட்டதாரிகளை ஓராண்டுப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளட்டும். முதல் ஆறு மாதம் அவர்கள் கையாலேயே வேலை செய்யட்டும். பின்னர் இயந்திரத்தைக் கொடுத்து, அது செய்ததைத் திருத்துமாறு பழக்கட்டும். அவ்வோராண்டு உபகாரச் சம்பளத்தில் பாதியைச் சங்கத்துக் கல்வி நிதியிலிருந்து கொடுக்க இயலுமா என்பதைக் காரியக் கமிட்டியார் அடுத்த கூட்டத்தில் ஆராய வேண்டும். எந்தப் பிள்ளைகளை அனுப்புவது என்பதில் எனக்குத் தெரிந்தவர்களின் பெயர்களை எழுதிக் காரியதரிசி அவர்களிடம் இன்றே கொடுத்திருக்கிறேன். பதினொரு பெயர்கள் உள்ளன. அவர்களுள் நால்வர் பெண்கள்.